தோத்தா மெஷினு, ஜெயிச்சா மக்கள் தீர்ப்பு

போன வாரம் தக்கலைல சாயா குடிக்க ஒதுங்குனப்ப தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தர் "ஓட்டு போட்டு என்ன சாரே பிரயோஜனம், எல்லாம் மெஷினுக்குள்ள நேரத்தே எழுதி வச்சாச்சு"ன்னு சொன்னாரு. எனக்கு சிரிப்பு வந்துட்டு. 2024 ஏப்ரல் 19-ல நான் எலெக்ஷன் டூட்டி பாத்த பூத்துல ஒரு கட்சி ஏஜெண்டா இருந்தது இதே மனுசன்தான். காலம்பற அஞ்சரைக்கு மாக் போல், அதாவது சோதனை ஓட்டு, 50 ஓட்டு போட்டு, விவிபேட் சீட்ட (போட்ட ஓட்டு யாருக்குன்னு அச்சடிக்கிற பெட்டியில விழுற சீட்ட) எண்ணி, கணக்கு ஒத்து வந்த பெறகு அந்த ஓட்ட அழிச்சு சீல் வச்சோம், அவரும் கையெழுத்து போட்டாரு. சாயந்திரம் மொத்தம் எத்தன ஓட்டு விழுந்துச்சுன்னு ஃபாரம் 17சி-ல எழுதி அவரு கையிலயும் ஒரு காப்பி குடுத்தோம்.

அவரச் சொல்லி குத்தமில்ல, மேடையில கேட்டதத்தான் சொல்லுகாரு. 2009-ல தோத்தப்ப பிஜேபி அத்வானியே மெஷின் வேண்டாம் பழைய ஓட்டுச் சீட்டுக்கே போவோம்னாரு, 2014-ல ஜெயிச்சதுக்கு அப்புறம் அந்தக் கட்சிக்கு அதே மெஷின் தங்கமாயிட்டு, காங்கிரஸ்காரங்களுக்கு சந்தேகம் வந்துட்டு, ஆனா அவங்களும் ஜெயிச்ச மாநிலத்துல இதப் பத்தி மூச்சு விடமாட்டாங்க. இதெல்லாம் நம்ம பக்கத்து கேரளத்துலயே தொடங்குன கதை, 1982-ல பறவூர்ல முதமுதலா மெஷின் வச்சப்ப, மெஷின் வேண்டாம்னு கோர்ட்டுக்குப் போன வேட்பாளர் சிவன் பிள்ளை அதுலயே ஜெயிச்சாரு, உடனே தோத்த ஏ.சி.ஜோஸ் கோர்ட்டுக்குப் போனாரு!

ஆனா கோர்ட்டுக்குப் போறது வேற, அத நான் தப்புன்னு சொல்லமாட்டேன். 2013-ல சுப்ரீம் கோர்ட் விவிபேட் வைக்கச் சொன்னதே ஒருத்தர் கேஸ் போட்டதாலதான். தேர்தல் ஆணையமும் ஒண்ணும் புண்ணியவான் இல்ல, 2024-ல முதல் கட்ட ஓட்டு சதவீதத்த முழுசா வெளியிட 11 நாளு எடுத்தாங்க, அந்த டிசம்பர்லயே பூத் சிசிடிவி காட்சிய பொதுமக்கள் கேட்டு வாங்க முடியாதபடி விதியையும் மாத்துனாங்க. இப்படி பண்ணுனா கேக்கத்தான் செய்வான்.

எனக்கு கடுப்பு என்னன்னா, பூத்துலயோ பதவியிலயோ உள்ள உக்காந்துட்டே ஆதாரம் ஒண்ணும் காட்டாம மொத்தமும் களவுன்னு சொல்லுறவங்க மேலதான். அமெரிக்காவுல டிரம்ப் பண்ணுனது இதான், 2020 தேர்தல்ல தோத்துட்டு, பதவியில இருந்த அதிபரே 2021 ஜனவரி 2-ந் தேதி ஜார்ஜியா மாநிலத் தேர்தல் அதிகாரிக்கு போன போட்டு எனக்கு 11,780 ஓட்டு கண்டுபிடிக்கணும்ங்கிறாரு, நாலு நாள்ல கூட்டம் பார்லிமெண்ட் கட்டடத்துக்குள்ள பூந்துட்டு. அங்க ஓட்டு காகிதத்துலதான், கையால திருப்பி எண்ணியும் பாத்தாச்சு, அப்பவும் நம்பல.

அண்ணாச்சிகிட்ட "அந்த 17சி காப்பி இருக்கா? ரிசல்ட்டோட ஒத்துப் பாத்தீங்களா?"ன்னு கேட்டேன்.

"அது... அன்னைக்கே கட்சி ஆபீஸ்ல குடுத்தாச்சு, அங்க எவன் பாத்தான்"னு சொல்லிட்டு இன்னொரு பழம்பொரி எடுத்தாரு.