'ஸ்டேட்டஸ்' யாருடையது?

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து ஒரு படிவத்தோடு மல்லுக்கட்டு. எதையும் நிரப்பாமலேயே, பக்கம் திறந்த கையோடு "அனுப்பப்பட்டது" என்ற பச்சைப் பட்டை வந்து நிற்கிறது. பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஸ்க்ரிப்ட்டின் முதல் வரியிலேயே 'வார் ஸ்டேட்டஸ்' என்று ஒரு வேரியபிளை (மதிப்பைப் போட்டுவைக்கும் பெயர்) அறிவித்து, அதில் ஃபால்ஸ், அதாவது 'பொய்', வைத்திருக்கிறேன். ஸ்டேட்டஸ் உண்மையானால்தான் பட்டை வர வேண்டும். மொத்தமே மூன்று வரி. இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது?

கன்சோலில் (பிரவுசரின் சோதனைத் திரை) லாக் கட்டளை போட்டு அச்சிட்டுப் பார்த்தேன். ஃபால்ஸ் என்றுதான் வந்தது. ஃபால்ஸ் என்று சொல்லிக்கொண்டே 'உண்மையானால்' என்று கேட்கும் இஃப்புக்குள் நுழைகிறது! கேஷ்தான் (பிரவுசர் சேமித்து வைக்கும் பழைய நகல்) வில்லன் என்று முடிவுகட்டி நான்கு முறை துடைத்தேன். (எதுவும் புரியாதபோது எல்லோரும் செய்வதுதான்.)

மதியத்துக்கு மேல், லாக் எதுவும் போடாமல் கன்சோலில் வெறுமனே ஸ்டேட்டஸ் என்று தட்டி என்டர் அடித்தேன். ஃபால்ஸ் இப்போது மேற்கோள்குறிக்குள் வந்தது. டைப்ஆஃப் போட்டு வகையைக் கேட்டால் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரம், என்கிறது. சரிதான். காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கு உண்மைதான். அதில் "பொய்" என்றே எழுதியிருந்தாலும்.

ஃபங்ஷன் (செயற்கூறு) எதற்குள்ளும் இல்லாமல் வெளியே 'வார்' போட்டால் அந்த வேரியபிள் பிரவுசர் சாளரத்தைக் குறிக்கும் விண்டோ ஆப்ஜெக்டில் போய் உட்காரும். விண்டோவில் ஸ்டேட்டஸ் என்று ஏற்கெனவே ஒன்று உண்டு. பிரவுசரின் அடிப்பட்டையில் செய்தி காட்ட அந்தக் காலத்தில் வைத்தது. இன்று அதனால் ஒரு பயனும் இல்லை, ஆனால் இடத்தை விடவில்லை. எதைக் கொடுத்தாலும் எழுத்தாக மாற்றித்தான் வாங்கும். 'நேம்' என்று வைத்தாலும் இதே கதைதான்: ஒரு பட்டியலைக் கொடுங்கள், காற்புள்ளி போட்டு ஒட்டிய ஒற்றை ஸ்ட்ரிங்காகத் திரும்பி வரும்.

பெயரை 'அனுப்பியாச்சா' என்று மாற்றினேன். பட்டை போய்விட்டது.

மார்ச் 4, செவ்வாய்

நேற்றைய சூட்டில் கோப்பு முழுக்க இருந்த 'வார்'களை, வேரியபிளை அறிவிக்கும் இன்னொரு சொல்லான 'லெட்' ஆக்கினேன். 2015-இல் வந்த வசதி, இவ்வளவு நாள் சும்மா இருந்தது என் சோம்பல். 'லெட்' விண்டோவின் மேல் ஏறாது என்பதால் 'நேம்', 'ஸ்டேட்டஸ்' எல்லாம் சமர்த்தாக நடந்துகொண்டன.

'டாப்' மட்டும் முரண்டு பிடித்தது. ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட பெயர் என்று சின்டாக்ஸ் எரர் (இலக்கணப் பிழை). அதோடு அந்த ஸ்க்ரிப்ட்டில் ஒரு வரிகூட ஓடவில்லை. விண்டோவில் உள்ள 'டாப்' அசைக்க முடியாத வகை. பக்கத்துக்குள் பக்கமாக அடுக்கும் பிரேம்களில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் சாளரம் அது. 'லெட்' மோதலை முகத்துக்கு நேரே சொல்கிறது. 'வார்' சொல்லாது.

அப்படியானால் இத்தனை நாள் 'வார் டாப்' என்று பூஜ்யம் வைத்திருந்தோமே, அது என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. பூஜ்யத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. 'டாப்'போடு 'பிஎக்ஸ்' (பிக்சல் அளவு) சேர்த்து, பெட்டி மேலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று அமைத்தபோது, எண்ணுக்குப் பதில் விண்டோ ஆப்ஜெக்டின் பெயர் போயிருக்கிறது. பக்கத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ் அதை ஒதுக்கிவிட்டது. அந்தப் பெட்டி நகர்ந்ததே இல்லை. அதுதான் டிசைன் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 6, வியாழன்

இன்று பிஎச்பி (சர்வரில் ஓடும் மொழி) பக்கம். 10 அட்டைகள் காட்ட வேண்டிய பக்கத்தில் முதல் அட்டை வருகிறது, அப்புறம் ஏழாவது, ஏழாவது, ஏழாவது... 30 நொடி வரம்பைத் தொட்டுச் செத்து விழும்வரை ஏழாவதுதான்.

எண்ணி எண்ணித் திரும்பச் சுற்றும் ஒரு ஃபார் லூப், அதற்குள் அட்டைக்கான கோப்பை இன்க்ளூட் செய்கிறோம், அதாவது உள்ளே சேர்க்கிறோம். அந்தக் கோப்பில் 5 நட்சத்திரம் வரைய இன்னொரு லூப். இரண்டிலும் சுற்றை எண்ணும் வேரியபிள் 'டாலர் ஐ'தான். இன்க்ளூட் தனி அறை எதுவும் கட்டித் தருவதில்லை. கூப்பிட்ட இடத்தின் வேரியபிள்களையே பங்குபோட்டுக்கொள்கிறது. நட்சத்திரம் முடியும்போது ஐ 5. வெளி லூப் ஒன்று கூட்டி 6 ஆக்குகிறது, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அது ஏழாவது அட்டை. உள்ளே போனால் மறுபடி 5. செக்குமாடு.

எங்கள் அதிர்ஷ்டம், முடிவில்லாமல் சுற்றியதால் மாட்டியது. உள்ளே 12 சுற்று இருந்திருந்தால் ஒரே அட்டையோடு அமைதியாக முடிந்திருக்கும். தரவுத்தளத்தில்தான் கோளாறு என்று அங்கே போய்த் தோண்டியிருப்பேன்.

இன்க்ளூடை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்தேன். பிஎச்பியில் ஃபங்ஷனுக்குத் தனி எல்லை உண்டு, குளோபல் என்று கேட்டு வாங்கினால் ஒழிய வெளியே இருப்பது உள்ளே தெரியாது. 10 அட்டையும் வந்தன.

மார்ச் 7, வெள்ளி

ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை மாட்யூல் (தன் பெயர்களைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் கோப்பு) ஆக்கினேன். பெயர்ச் சண்டை ஓய்ந்தது, பொத்தான்களும் ஓய்ந்தன. எச்டிஎம்எல்லில் ஆன்கிளிக் என்று எழுதி வைத்தவை விண்டோவில்தான் ஃபங்ஷனைத் தேடும். மாட்யூலுக்குள் இருப்பது அதன் கண்ணில் படாது. ஒவ்வொன்றாக, ஸ்க்ரிப்ட்டிலிருந்தே பொத்தானோடு ஃபங்ஷனை இணைக்கும் ஆட்ஈவென்ட்லிசனருக்கு மாற்ற மாலையாகிவிட்டது. அலுப்பான வேலை.

மார்ச் 10, திங்கள்

கூட வேலை பார்க்கும் தம்பி ஓடி வந்தார். "அண்ணே, காலிப் பட்டியல்தான் வைத்தேன். அதில் ஒன்றைச் சேர்க்கப் போனால், புஷ் என்று ஒரு ஃபங்ஷனே இல்லை என்கிறது."

"பேர் என்ன வைத்தீர்கள்?"

"ஹிஸ்டரி."

பழைய கோப்பு, மாட்யூல் ஆகாதது. டைப்ஆஃப் கேட்டால் ஆப்ஜெக்ட் என்றுதான் சொல்லும், பட்டியலுக்கும் அதே பதில்தான். அதனால் வெறும் பெயரைத் தட்டச் சொன்னேன். பிரவுசரின் முன்-பின் பொத்தான் வரலாறு விரிந்து வந்தது. அவர் கேஷை மூன்று முறை துடைத்திருந்தாராம்.