பூரி பேருல ஒரு அர்ச்சனை

பூரியோட தலைதெவசம் முடிஞ்ச மறு வாரம் திருவண்ணாமலை கிளம்பிட்டேன். பௌர்ணமி எல்லாம் இல்ல, சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸ்ல அரை நாள் லீவு சொல்லிட்டு விழுப்புரத்துல பஸ் ஏறினா செஞ்சி வழியா ரெண்டு மணி நேரத்துல கொண்டு போய் விட்டுட்டான்.

பூரிங்கறது அவன் பேரு இல்ல. சிரிச்சா ரெண்டு கன்னமும் எண்ணெய்ல போட்ட பூரி மாதிரி உப்பி வரும், ஆறாங்கிளாஸ்ல எவனோ வச்ச பேரு, ப்ளஸ் டூ வரைக்கும் வாத்தியாருங்களே அப்படித்தான் கூப்பிட்டாங்க. கிளாஸ்ல யாரு லீவு போட்டாலும் அவங்க குரல்லயே "உள்ளேன் ஐயா" சொல்லுவான். ஒரு நாள் மூணு பேருக்கு சொல்லி முடிச்சு தன் பேரு வரும்போது மறந்துட்டு சும்மா இருந்தான், அன்னிக்கு கிளாஸ்லயே இருந்த அவனுக்கு ஆப்சென்ட். போன வருஷம் ராத்திரி நெஞ்சு வலின்னு படுத்தவன் எழுந்துக்கல, நாப்பது வயசு.

நானும் அவனும் ஒரே ஒரு தடவைதான் சேர்ந்து கிரிவலம் போயிருக்கோம், 2001ல, ப்ளஸ் டூ பரீட்சை முடிஞ்சு வந்த சித்ரா பௌர்ணமிக்கு. அந்தக் கூட்டத்துல நாம நடக்கவே வேணாம், அதுவே தள்ளிக்கிட்டு போகும். 14 கிலோமீட்டர், செருப்பு போடக்கூடாது, நிறைமாத கர்ப்பிணி மாதிரி மெதுவா நடக்கணும்னு வீட்ல பாட்டி சொல்லி அனுப்பிச்சாங்க. பூரி தன் தொப்பைய தடவிக்கிட்டு "எனக்கு ஏற்கனவே மாசம் ஆயிடுச்சுடா, நீங்கதான் நடிக்கணும்"னான்.

இந்த தடவை ராஜகோபுரத்துல கும்பிட்டு ராத்திரி எட்டரைக்கு ஆரம்பிச்சேன். 217 அடி, 11 நிலை, கழுத்து வலிக்க நிமிந்து பாத்தேன். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், ரமணாசிரமம் எல்லாம் தாண்டி எமலிங்கத்துக்கு வந்ததும் கால் தானா நின்னுடுச்சு. அன்னிக்கு இங்க நின்னுதான் பூரி கைய கட்டிக்கிட்டு, "சாமி, என் ரோல் நம்பர் 38, கிளாஸ்லயே கடைசி, வரிசையா கூப்பிடுங்க, நடுவுல கூப்பிட்டா நான் ஆப்சென்ட்"னு வேண்டினான். பின்னாடி நின்ன ஒரு பெரியவர் திரும்பி முறைச்சார், அப்புறம் அவரே சிரிச்சிட்டார். இப்ப அதே இடத்துல எனக்கு என்ன வேண்டறதுன்னு தெரியல, விபூதி மட்டும் எடுத்து வச்சுக்கிட்டு நடந்துட்டேன். கோவம்தான் இருந்துச்சு, உண்மைய சொல்லணும்னா.

நிருதி, வருணன், ஆதி அண்ணாமலை, வாயுன்னு கூட்டம் இல்லாததால சீக்கிரமே தாண்டியாச்சு. நடுவுல ஒரு சுக்கு காபி. குபேர லிங்கத்துல காசு வச்சு கும்பிடுவாங்கல்ல, அன்னிக்கு பூரி என்கிட்ட ஒரு ரூபா கடன் வாங்கி வச்சான், கடன் வாங்கி குபேரனுக்கே குடுத்த ஒரே ஆளு அவனாத்தான் இருப்பான். அந்த ஒரு ரூபா இன்னும் வரல.

அடுத்தது இடுக்கு பிள்ளையார். போகாதவங்களுக்கு சொல்றேன், சின்ன மண்டபம்தான், பின்பக்கமா நுழைஞ்சு ஒருக்களிச்சு படுத்து, கைய ஊனி இழுத்து இழுத்து முன்பக்கமா வெளிய வரணும். இடுப்பு வலி, தலைவலி போகும்பாங்க, புகுந்து வந்தவங்களுக்கு மறுபிறவி கிடையாதும்பாங்க. அன்னிக்கு நான் முதல்ல போனேன், ஒல்லிக்குச்சி, சர்ருனு வந்துட்டேன். பின்னாடியே வந்த பூரி பாதியில மாட்டிக்கிட்டான். தலையும் ஒரு கையும் தெரியுது, மிச்சம் வரல. பின்னாடி வரிசை நீண்டுக்கிட்டே போகுது, ஒரு பாட்டி "மூச்ச வெளிய விட்டு வயித்த எக்கு தம்பி"ங்கறாங்க, இவன் உள்ள இருந்து "பாட்டி, சுகப்பிரசவம் கஷ்டம், சிசேரியன்தான்"னு கத்தறான். அவ்ளோதான், வரிசை மொத்தமும் சிரிக்குது, அவனும் சிரிக்கறான், சிரிக்க சிரிக்க வயிறு உப்பி இன்னும் இறுக்கமா மாட்டிக்குது. கடைசில ரெண்டு பேரு கால புடிச்சு பின்னாடியே இழுத்து எடுத்தாங்க. முதுகெல்லாம் சிராய்ப்பு, சட்டை பட்டன் ரெண்டு உள்ளயே போச்சு. தூசிய தட்டிக்கிட்டு என்கிட்ட வந்து சொன்னான், "நீ தாண்டிட்ட, உனக்கு இதோட சரி. எனக்கு இன்னொரு ரவுண்டு இருக்கு மச்சி."

இப்ப எனக்கும் தொப்பை வந்தாச்சு. வரிசையில நாலே பேர்தான், என் முறை வந்துச்சு. குனிஞ்சு அந்த இருட்டு சந்த பாத்தேன், கல்லு ஆள் உரசி உரசி எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு இருக்கு. பின்னாடி நின்ன பையன "நீ போப்பா"ன்னு விட்டுட்டு வெளியவே நின்னு தோப்புக்கரணம் போட்டுட்டு வந்துட்டேன்.

ஈசான்ய லிங்கத்துக்கிட்ட மயானம், அங்க நிக்கல.

லாட்ஜ்ல ரெண்டு மணி நேரம் கண்ண மூடிட்டு, விடியக்காலம் நடை திறந்ததும் உள்ள போனேன். அக்னி ஸ்தலம்னு சும்மா சொல்லல, அண்ணாமலையார் சன்னதி கிட்ட போனாலே அந்த அனல் மேல அடிக்கும், அஞ்சு நிமிஷத்துல சட்டை நனைஞ்சிடுச்சு. பொண்ணு பேருக்குத்தான் அர்ச்சனை சீட்டு வாங்கினேன். குருக்கள் தட்ட வாங்கிக்கிட்டு "பேரு?"ன்னாரு. ராத்திரி பூரா அவன் நினைப்புலயே நடந்தேனா, வாயில "பூரி"ன்னு வந்துடுச்சு.

"பூரணியா? நட்சத்திரம்?"

சாமி விஷயம், திருத்தியிருக்கணும். செத்துப்போனவங்க பேர்ல அர்ச்சனை பண்ணக்கூடாதுன்னும் தெரியும். ஆனா அதுக்குள்ள "பூராடம், தனுசு ராசி"ன்னு அவன் நட்சத்திரத்தையும் சொல்லிட்டேன். குருக்கள் பூரணிக்கு மந்திரம் சொல்லி, தீபாராதனை காட்டி, தட்டுல விபூதிய போட்டு, "அந்தம்மாகிட்ட குடுத்து தெனமும் இட்டுக்க சொல்லுங்கோ, சீக்கிரம் நல்லது நடக்கும்"னாரு.

எப்படி அடக்கினேன்னே தெரியல. வாய பொத்திக்கிட்டு வேகமா வெளிய வந்து நந்தி பக்கத்துல தூணுல சாஞ்சு குலுங்கி குலுங்கி சிரிக்கறேன், கண்ணுல தண்ணி வேற. துப்புரவு பண்ற அக்கா தொடப்பத்த நிறுத்திட்டு "ஏன் தம்பி அழுவுற"ன்னு கேட்டாங்க. "அழுவலக்கா"ன்னேன்.

திரும்பி வர்ற பஸ்ல செஞ்சி தாண்டற வரைக்கும் நினைச்சு நினைச்சு சிரிப்பு. பக்கத்து சீட்டு ஆளு பைய எடுத்துக்கிட்டு முன்னாடி போய் உக்காந்துட்டாரு.