பாலத்துத் தச்சர்

நேற்று சாயங்காலம் பிரிஸ்பேன் நெவில் பானர் பாலத்தில் நடந்தேன். கார், பஸ் கிடையாது, நடைபாலம். கீழே ஆறு வழக்கம்போல பால் கம்மியான டீ நிறத்தில். ஒரு முனையில் சவுத் பேங்க் கரைப்பகுதி, மறுமுனையில் கேசினோ.

இதே பெயரில் வில்லியம் தெருவில் ஒரு அரசு அலுவலகக் கட்டடம் இருந்தது. கேசினோ வளாகம் வர வேண்டும் என்று அதை 2017ல் இடித்துவிட்டார்கள். செனட்டராக இருந்த நெவில் பானர் பெயரில் இந்தப் பாலம் 2024ல் திறந்தது. கட்டடம் போனதில் எனக்கு இன்னும் கொஞ்சம் கடுப்புதான்.

பானர் 1922ல் ட்வீட் ஆற்று முகத்துவாரத்துத் தீவு ஒன்றில் பிறந்தவர். ஜகேரா பழங்குடி வழி வந்தவர். பள்ளிக்கூடம் போனது ஏறக்குறைய ஒரே வருஷம். மாட்டுப் பண்ணையில் வேலை, அப்புறம் தச்சு வேலை. 1971ல் செனட்டர், அதாவது மேலவை உறுப்பினர், ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்துக்குள் போன முதல் பழங்குடி மனிதர். லிபரல் கட்சிக்காரர்தான், ஆனால் மனசுக்குப் படாத மசோதா வந்தால் எழுந்துபோய் எதிரணியோடு வாக்களித்துவிடுவார். பலமுறை! 1983ல் கட்சி அவரை வேட்பாளர் பட்டியலில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளியது. சுயேச்சையாக நின்றார், தோற்றார்.

பாதிப் பாலம் நடந்தபோதுதான் உறைத்தது. செனட்டுக்கு முன்னால் மோர்ட்டன் வட்டாரக் கவுன்சிலில் அவர் செய்த வேலை, பாலங்களுக்கு மரவேலை. கைப்பிடியை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். இரும்பு, வெயிலில் இன்னும் சுட்டது.