ஆயிரம் கணினி, ஒரே விடை

30 பிரிவுகளை 30 இடங்களில் எப்படி வைத்தால் அவற்றுக்கிடையே பொருள் போய்வரும் செலவு மிகக் குறையும்? நக்30 எனப்படும் இந்தக் கணக்கு 1968-இல் வந்தது. நல்ல விடை ஒன்று கிடைத்துவிடும். ஆனால் அதைவிடச் சிறந்தது இல்லவே இல்லை என்று நிரூபிக்க 2000 வரை ஆனது.

ஆன்ஸ்ட்ரைக்கர், பிரிக்ஸியஸ், கூ, லிண்டராத் ஆகிய நால்வர், சும்மா கிடந்த கணினிகளைக் காண்டோர் மென்பொருளால் இணைத்து ஒரு வாரம் ஓடவிட்டார்கள். உச்சத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள் ஒன்றாக உழைத்தன. விடை, அதாவது மிகக் குறைந்த செலவு: 6124.

கணினிகளைக் கூட்டினால் மட்டும் போதுமா? போதாது. பிரிவுகளை வைக்கச் சாத்தியமான முறைகளின் எண்ணிக்கையே 33 இலக்க எண். அதனால் முதல் பிரிவு இங்கே, அடுத்தது அங்கே என்று ஒவ்வொரு முடிவிலும் தேடலைக் கிளைகளாகப் பிரிப்பார்கள். ஒரு கிளையில் எவ்வளவு முயன்றாலும் இந்தச் செலவுக்குக் கீழே போக முடியாது என்று கணிக்கும் கீழ்வரம்புதான் உயிர்நாடி. அது கையிலிருக்கும் விடையை எட்டிவிட்டால் கிளையை அப்படியே வெட்டிவிடலாம்.

வேலையைப் பிரிப்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. எந்தக் கிளை எவ்வளவு பெரிது என்று முன்கூட்டியே தெரியாது. ஒரு கணினி நொடியில் முடித்துவிட்டுக் காத்திருக்கும், இன்னொன்று நாள் முழுக்கத் திணறும். அதனால் ஓடும்போதே வேலையை மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு விசித்திரம். கணினிகளை இரட்டிப்பாக்கினால் சில நேரம் வேகம் இரண்டு மடங்குக்கும் மேலே போகும். ஏதோ ஒரு கணினி நல்ல விடையைச் சீக்கிரம் கண்டுவிட, மற்ற கணினிகளின் கிளைகள் பலவும் உடனே வெட்டுப்படும். சில நேரம் நேர்மாறாக, வேகம் குறையவும் செய்யும். முதன்முதலில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.