வளவில் பதிந்த நாடாக்கள்

எங்கள் அம்மான் 1986லிருந்து 1991 வரை செட்டிநாட்டில் கானாடுகாத்தான் வீட்டில் தனியாக வாசித்துப் பதிந்தது மொத்தம் 27 கேசட். ஒன்றுகூட வெளிவந்ததில்லை. பினாங்கிலிருந்து வந்த கேசியோ சிஇசட்-101 கீபோர்டு, ரோலண்ட் டிஆர்-505 ரிதம் பெட்டி, ஒரு ஸ்டீரியோ டேப்ரெக்கார்டர், ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். கருவிகள் அவ்வளவுதான். பிறகு சென்னைக்குப் போய் மேடைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தார்கள். ஊரில் செய்ததெல்லாம் இரண்டாங்கட்டில் பெட்டகத்துக்குள் கிடந்தது. அதிலிருந்து ஒரு எல்பி இசைத்தட்டு தயாரிக்க எனக்கு 14 மாதம் ஆனது.

முதல் வேலை நாடாவைக் காப்பாற்றுவது. பாதிக் கேசட்டுகளில் நாடாவை ஹெட்டோடு (நாடாவிலுள்ள சத்தத்தைப் படிக்கும் முனை) அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு, பசை காய்ந்து உதிர்ந்திருந்தது. கேசட்டின் ஓடு திருகில்லாமல் ஒட்டப்பட்ட வகை. பிளேடால் மெல்லப் பிளந்து, இரண்டு சக்கரங்களையும் நாடாவோடு எடுத்து, திருகு வைத்த புது ஓட்டுக்குள் மாற்றினேன். பூசணம் பிடித்த மூன்றைத் தனியே பிரித்து வைத்தேன், மற்றவற்றுக்குப் பரவாமல் இருக்க. ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்வைத் திருகி, ரிதம் பெட்டியின் ஹை-ஹாட், அதாவது ஜால்ரா போன்ற சத்தம், எங்கே பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்திய பிறகுதான் கணினியில் ஏற்றினேன். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில். இந்தத் திருகலைச் செய்யாமல் ஏற்றிவிட்டுப் பின்னால் ஈக்வலைசரில் சரிக்கட்டலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏறாத சத்தத்தை எதைக் கொண்டும் கூட்ட முடியாது.

அடுத்து வந்தது வேகம். சில பதிவுகளில் சுருதி போகப் போக ஏறியது, தாளமும் ஓடியது. அம்மானிடம் கேட்டேன். "கரண்ட் போயிருக்கும்ப்பா. எல்லாத்தையும் பேட்டரியிலதான் ஓட்டுவேன்" என்றார்கள். பேட்டரி இறங்க இறங்க ரெக்கார்டர் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறித்தானே கேட்கும்! கரண்ட் இருந்த நாட்களில் பதிந்த நாடாவில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இருந்தது. அதை அளவுகோலாக வைக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் அந்த வருஷங்களில் தென்னக மின்தொகுப்பில் அதிர்வெண் 50க்குக் கீழே அடிக்கடி இறங்கும், நம்ப முடியாது. கடைசியில் கைகொடுத்தது கேசியோதான். டிஜிட்டல் கருவி, பேட்டரி இறங்கினாலும் சுருதி நகராது. அம்மான் அதன் டியூனிங்கைத் தொட்டதும் இல்லை. அதன் சுருதிக்கு நாடாவை இழுத்துப் பிடித்தேன். ஒரு பதிவு 3 சதவீதம் வேகமாக இருந்தது, ஏறக்குறைய ஒரு அரைச்சுரத்தில் பாதி.

எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு அம்மானுக்குப் போட்டுக் காட்டியபோது, ஒன்றை மட்டும் பழையபடியே வைக்கச் சொன்னார்கள். சுருதி ஏறிக்கொண்டே போய் நாடா நின்றுபோகும் பதிவு அது. வருஷக்கணக்காக அப்படிக் கேட்டுத்தான் அவர்களுக்குப் பழக்கம். நான் இரண்டு நாள் வாதாடினேன். இப்போது யோசித்தால் அவர்கள் சொன்னதுதான் சரி.

எனக்கு ரொம்பப் பிடித்தவை வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில் பதிந்தவை. எதிரொலிக் கருவி வாங்க வசதியில்லாததால் ஸ்பீக்கரை வளவின் ஒரு கோடியிலும் மைக்கை மறு கோடியிலும் வைத்திருக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், மேலே திறந்த வானம். சத்தம் சுவருக்குச் சுவர் தெறித்து மேலே கரைந்துபோகும். இடையில் காக்கை கத்துவதும் கேட்கும். சுத்தமாக நேரடி ஒயரில் பதிந்த வடிவமும் சிலவற்றுக்கு இருந்தது. தேர்வில் நான் ஒவ்வொரு முறையும் வளவுப் பதிவையே எடுத்தேன்.

மொத்தம் 24 மணி நேரத்துக்கு மேல் இருந்ததை 38 நிமிடமாகக் குறைத்தேன். 33⅓ சுழற்சியில் 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் 20 நிமிடத்தைத் தாண்டினால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்க வேண்டும், சத்தம் குறையும். உள்வட்டத்தில் ஊசிக்கு ஒரு சுற்றில் கிடைக்கும் தூரமும் குறைவு. உச்சஸ்தாயி சத்தம் அங்கே கரகரக்கும். அதனால் ஹை-ஹாட் நிறைந்தவை பக்கத்தின் தொடக்கத்தில், அடங்கிய வளவுப் பதிவுகள் முடிவில். அம்மான் தாளத்தை வலது சேனலில் மட்டும் பதிந்திருந்தார்கள். கனத்த அடி ஒரு பக்கமே இருந்தால் ஊசி துள்ளும் என்று தட்டு வெட்டுபவர் சொன்னதால், 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் நடுவுக்குக் கொண்டுவந்தோம்.

சரிபார்ப்பதற்காகத் தட்டு அடிக்கும் ஆலை அனுப்பிய முதல் மாதிரித் தட்டில் (டெஸ்ட் பிரஸ்ஸிங்) இரண்டாம் பக்கத்தில் சுருதி அலைந்தது. நாடாவின் குறையோ என்று பயந்து மூலக் கோப்பைத் திரும்பக் கேட்டேன். அதில் இல்லை. கடிகாரத்தை வைத்து எண்ணினேன்: சரியாக 1.8 விநாடிக்கு ஒரு முறை அலைந்தது. தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் நேரம் அதுதான். நடுத்துளை மையத்தில் இல்லை. அளவெடுத்துப் படத்தோடு ஆலைக்கு எழுதினேன். முதலில் மறுத்தார்கள், ஆறு வாரம் கழித்து வேறொன்று அனுப்பினார்கள்.

அதைக் கானாடுகாத்தானுக்கே கொண்டுபோய் வளவில் போட்டோம். அம்மான் இரண்டு பக்கத்தையும் எழுந்திருக்காமல் கேட்டார்கள். காக்கைச் சத்தம் வந்ததும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள், தட்டிலா கூரையிலா என்று. அன்று சாயங்காலமே 300 பிரதிக்குச் சரி என்று எழுதிவிட்டேன்.