உப்புக்காற்றும் பழைய காசும்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்த காலத்தில் என் காசுகளைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. கலியாணம் முடித்து, மனைவியின் சீதன வீட்டுக்கு, பருத்தித்துறைக்கு வந்த பிறகுதான் வினை தொடங்கியது. கடல் கூப்பிடு தூரம். யன்னல் கம்பி மாரிக்கு மாரி பெயின்ற் கேட்கும். இரும்பே தாங்காத காற்றில் செம்பு மட்டும் சும்மா இருக்குமா?

சேர்ப்பு ஒன்றும் பெரிதில்லை. அப்பப்பாவின் கொட்டப்பெட்டியில் கிடந்த ஒரு சேது காசு, அதாவது யாழ்ப்பாண அரசர் காலத்துச் செப்புக் காசு: ஒரு பக்கம் நிற்கும் அரசன், மறுபக்கம் படுத்திருக்கும் எருது, அதன் கீழே ‘சேது’ என்ற எழுத்து. பிறகு தாளிப்பனை போட்ட விக்டோரியா காலத்துச் செப்புச் சதங்கள், வெள்ளி 50 சதம் பதினேழு, 1957 புத்த ஜயந்தி 5 ரூபாய் வெள்ளிக் காசு, அம்மம்மாவின் இங்கிலாந்துப் பவுண் காசு இரண்டு. அவ்வளவுதான்.

இவற்றில் பாதி ஒருமுறை மண்ணுக்குள் போய் வந்தவை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்துக்குப் பயந்து, எங்கள் வலிகாமப் பகுதியே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அம்மம்மா ஒரு பவுண் காசைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மற்றதைச் சில்லறைக் காசுகளோடு ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டுக் கிணற்றடி வாழைக்குள் தாட்டார். “ஒண்டு போனாலும் ஒண்டு மிஞ்சட்டும்” என்றாராம். அடுத்த வருடம் திரும்பி வந்து கிண்டியபோது மூடி துருப்பிடித்துத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. பவுண் காசு கழுவியதும் நேற்று அடித்தது போல் இருந்தது. வெள்ளி கரிக்கட்டை. செப்புச் சதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சைக் கட்டியாகிவிட்டன. அதைப் பார்த்து வளர்ந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

பருத்தித்துறைக்கு வந்ததும் நான் முதலில் பயந்தது கள்ளனுக்கு. இரும்பு அலுமாரி, நல்ல பூட்டு, உள்ளே அழகான அல்பம். மெல்லிய, வளையும் பிளாஸ்ரிக் பைகள் வைத்த அல்பம். திறந்தால் புது மழைக்கோட்டு மணம் வரும். மணம் நல்லது, புதுச் சாமான் என்று நினைத்தேன். ஒரு சோளகமும் ஒரு மாரியும் போன பிறகு திறந்தால் 50 சதக் காசுகளின் மேல் பச்சையாக ஒரு பிசின். விரலில் ஒட்டியது.

அந்தப் பை பீவீசி (PVC) என்ற பிளாஸ்ரிக். அதை வளைய வைப்பதற்குச் சேர்க்கும் எண்ணெய் காலப்போக்கில் வெளியே கசியும். பிளாஸ்ரிக்கில் உள்ள குளோரின் அமிலமாகிச் செம்பைத் தின்னும். வெள்ளிக் காசில் செம்பு எங்கே என்று கேட்கலாம். இலங்கை 50 சதத்தில் 1917 வரை நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 1919 முதல் அது 55 பங்குதான். மிச்சம் செம்பு கலந்த உலோகம். என்னிடம் அதிகம் மோசமானவை ஐந்தாம் ஜோர்ஜின் பிந்திய காசுகள் என்பதில் ஆச்சரியம் இல்லை.

வீட்டில் கிடந்த மற்றப் பைகளில் எது பீவீசி என்று பார்க்க ஒரு லேசான வழி இருக்கிறது. செப்புக் கம்பித் துண்டு ஒன்றை அடுப்புச் சுவாலையில் பச்சை நிறம் மறையும் வரை சூடாக்கி, அந்தச் சூட்டோடு பிளாஸ்ரிக்கில் தொட்டு, மறுபடி சுவாலையில் பிடிக்க வேண்டும். சுவாலை பச்சையாகினால் குளோரின் இருக்கிறது. அந்தப் பையைக் காசுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இதை முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், புகை கூடாது. நான் ஏழு பைகளைச் சோதித்தேன். நாலு பச்சை.

பிசினை எடுக்க அசிற்றோன் என்ற கரைப்பான். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வாசனை, நிறம், எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும்; அதை ஊற்றினால் வேறு ஒரு படலம் மிஞ்சும். கலப்பில்லாத அசிற்றோன்தான் வேண்டும். தேடி ஒரு போத்தல் எடுத்தேன். அவசரத்தில் யோகட் கப் ஒன்றில் ஊற்றிக் காசைப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் கப்பின் அடி களியாகி, காசு அதற்குள் புதைந்துவிட்டது! சில பிளாஸ்ரிக் அசிற்றோனில் கரைந்துவிடும் என்று படித்திருந்தேன்தான், கையில் பட்டால்தானே தெரிகிறது. பிறகு கண்ணாடிக் கிண்ணம், புது அசிற்றோன், இரண்டு மூன்று முறை மாற்றி. தேய்க்கவே இல்லை, ஊறவிட்டு எடுத்தது மட்டும். பச்சை போய்விட்டது. அடியில் அமிலம் தின்ற தழும்பு மட்டும் நான்கு காசில் அப்படியே இருக்கிறது. சுவாமி விளக்கு எரியும் அறையில் இந்த வேலை வேண்டாம், அசிற்றோன் ஆவி உடனே பற்றும்.

இதற்கிடையில் மாமி வந்து பார்த்துவிட்டு, “தம்பி, உதை ஒருக்காத் திருநீறு போட்டுத் தேய்ச்சுப் பாருங்கோ, பளபளக்கும்” என்றார். செப்புக்குப் புளி என்றும் சொன்னார். குத்துவிளக்குக்குச் சரியான வைத்தியம். காசுக்கு அது கொலை. நூறு வருடமாகப் படிந்த நிறம்தான் காசின் தோல். உரித்தால் திரும்ப வராது. மாமியிடம் இப்படிச் சொல்ல முடியுமா? “ஓம் மாமி” என்றுவிட்டு லாச்சிக்குள் ஒளித்தேன்.

என்னை அதிகம் அலைக்கழித்தது சேது காசு. பச்சை எல்லாம் ஒரே பச்சை இல்லை என்று இதில்தான் பிடிபட்டது. ஒட்டும் பச்சை பீவீசியின் வேலை. கெட்டியாக, மினுமினுப்பாக, காசோடு காசாக இறுகியிருக்கும் கரும்பச்சைக் களிம்பு பழையது, அது காவல், அதைத் தொடக்கூடாது. மூன்றாவது, வெளிர்பச்சைத் தூள். சுரண்டினால் உதிரும், அடியில் குழி தெரியும், ஒரு மாதத்தில் திரும்பி வரும். செம்புக்குள் குளோரைட்டு, அதாவது உப்பின் பங்கு, இறங்கியிருக்கிறது. காற்றின் ஈரமும் ஒட்சிசனும் சேர்ந்தால் அது உள்ளேயே தின்றுகொண்டு போகும். வெளியே துடைத்துப் பயனில்லை.

இங்கே கிணற்றுத் தண்ணீரில் கழுவலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறிய தண்ணீர். கேத்திலின் அடியைப் பார்த்தால் தெரியும். கரையோரத்தில் உவரும் உண்டு. மோட்டார்சைக்கிள் பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு போத்தல் வாங்கி, சேது காசை அதில் ஊறப்போட்டு, நாளுக்கு நாள் தண்ணீரை மாற்றினேன். மூன்று கிழமை. பிறகு அசிற்றோனில் ஒரு முக்கு, ஈரத்தை இழுத்து எடுக்க. இது முழு வைத்தியம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே எஞ்சிய உப்பு எழும்பாமல் இருக்க ஒரே வழி, காற்றை வறட்சியாக வைத்திருப்பது.

அப்புறம்தான் ஈரப்பதன் மீற்றர் வாங்கினேன். இதை முதலில் வாங்கியிருக்க வேண்டும். கார்த்திகை மழையில் அலுமாரிக்குள் 84 சதவீதம் காட்டியது! பூட்டு நல்லதாக இருந்து என்ன செய்ய? இறுக்கமான மூடியுள்ள உணவுப் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டேன். இரண்டு நாளில் 40-க்குக் கீழே வந்தது. அதற்குள் அடுத்த முட்டாள்தனம். பெட்டி மூடியைச் சுற்றிக் கறுப்பு றப்பர் வளையம். றப்பரில் கந்தகம் உண்டு. கந்தகம்தான் வெள்ளியைக் கறுப்பாக்குவது. ஓரத்தில் இருந்த புத்த ஜயந்திக் காசின் விளிம்பு மஞ்சளாகத் தொடங்கியபோது கண்டுபிடித்தேன். இப்போது சிலிக்கோன் வளையம் போட்ட பெட்டி. காசுகளைச் சுற்றிக் கட்டியிருந்த றப்பர் பாண்டும் குப்பைக்குள்.

சிலிக்கா ஜெல் ஈரம் குடித்ததும் நிறம் மாறும், செம்மஞ்சள் பச்சையாகும். நீலம், இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ற்று உப்பு இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். குடித்த ஈரத்தைச் சூடு காட்டிப் போக்கித் திரும்பப் பாவிக்கலாம். ஒவன் இருந்தால் 120 பாகையில் வைக்கலாம். எங்களிடம் இல்லை. தாச்சியில் போட்டு மெல்லிய நெருப்பில் வறுத்தேன். பாதி மணிகள் கருகின. “இஞ்சாருங்கோ, உந்தத் தாச்சியில இனி நான் சமைக்க மாட்டன்” என்று மனைவி சொன்னதோடு எனக்குத் தனித் தாச்சி ஒன்று ஒதுக்கப்பட்டது.

உறைக்கு இப்போது மைலார் என்ற தெளிந்த பிளாஸ்ரிக் தாளில் யன்னல் வைத்த அட்டைச் சட்டம். குத்தும் ஸ்ரேப்பிள் கம்பிதான் இங்கே எதிரி, எங்கள் காற்றில் அது முதலில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத கம்பி கிடைக்கும் வரை ஒட்டும் வகைச் சட்டம். நல்ல காசுகளுக்குக் கெட்டியான வட்டக் கப்சூல். அளவு ஒரு மில்லிமீற்றர் கூடினாலும் காசு உள்ளே ஆடி உரசும், ஆகையால் அளந்துதான் வாங்க வேண்டும்.

பவுண் காசுகளுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. 7.98 கிராம், 22 கரற், கப்சூலுக்குள் போட்டால் போட்டதுதான். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் நிறுக்கக் கொடுத்தபோது “மினுக்கித் தரட்டா அண்ணை?” என்று கேட்டார்கள். கையோடு திருப்பி வாங்கிவிட்டேன். பொன் மென்மையானது, மினுக்கினால் ராணியின் மூக்குத்தான் போகும். அம்மம்மாவின் கணக்குப்படி ஒன்று வங்கி லொக்கரில், ஒன்று வேறிடத்தில். எங்கே என்று கேட்க வேண்டாம். ஒவ்வொரு காசுக்கும் இரு பக்கப் படம், நிறை, வந்த வழி எழுதிய பட்டியல் கனடாவில் தம்பியிடமும் இருக்கிறது. லொக்கர் அறை ஏசிக் குளிர். அங்கிருந்து எடுத்து வெளி வெக்கையில் உடனே பெட்டியைத் திறந்தால், சோடாப் போத்தலில் வேர்ப்பது போலக் காசும் வேர்க்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் மூடியபடியே வைத்துவிட்டுத்தான் திறப்பது.

சேது காசு இப்போது தனிச் சின்னப் போத்தலில், தன் சொந்த ஜெல்லோடு, வெள்ளைத் தாளின் மேல் இருக்கிறது. தூள் உதிர்ந்தால் தாளில் தெரிய வேண்டும் என்பதற்காக. போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். மீற்றர் 36. தாள் வெள்ளையாகவே இருக்கிறது. எருதின் திமிலுக்குப் பக்கத்தில் மட்டும் ஊசி முனையளவு ஒரு புள்ளி, முன்னமே இருந்ததா என்று பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.