பென்குயின் குடும்பத்துக்கு வயது 6 கோடியா, 1.3 கோடியா?

பென்குயின் குடும்பம் எப்போது தோன்றியது என்று தேடினால் ஓரிடத்தில் 6 கோடி ஆண்டு என்று வரும். வேறு இடங்களில் 4 கோடி, 2.2 கோடி, 1.3 கோடி என்று வரும். எண்கள் இப்படிச் சிதறிக் கிடப்பதைப் பார்த்து, யாருக்கும் எதுவும் தெரியாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முதல் எண் ஒரு கேள்விக்கான பதில். மற்ற மூன்றும் வேறொரு கேள்விக்கான பதில்கள்.

பென்குயின் வழி, தன் நெருங்கிய உறவான ஆல்பட்ராஸ், பெட்ரல் பறவைகளின் வழியிலிருந்து எப்போது பிரிந்தது என்பது முதல் கேள்வி. இன்று உயிரோடிருக்கும் எல்லாப் பென்குயின்களுக்கும் பொதுவான கடைசி மூதாதை எப்போது வாழ்ந்தது என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் நடுவே கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கின்றன. மனிதனைவிட எடை மிகுந்த ராட்சதப் பென்குயின்கள் வந்து, வாழ்ந்து, வாரிசில்லாமல் அழிந்ததெல்லாம் அந்த இடைவெளியில்தான். ஆகவே ஒரு குடும்பத்தின் வயதைப் படிக்கும்போது, பரிணாம மரத்தில் கிளை பிரியும் எந்தக் கணுவைப் பற்றிய எண் இது என்று முதலில் கேளுங்கள்.

முதல் கணுவுக்குப் பிடிமானம் தருவது வைமானு என்ற பறவை. நியூசிலாந்தின் வைபாரா ஆற்றோரப் பாறையில் கிடைத்து, 2006-இல் பெயரிடப்பட்டது. எலும்பில் வயது எழுதியிருக்காது, அதைப் பொதிந்திருக்கும் பாறையைத்தான் கேட்க வேண்டும். அந்தப் பாறையில் மிதவை நுண்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் உள்ளன. எந்த இனத்தின் தகடு எந்தக் காலத்துக்கு உரியது என்பது உலகளவில் ஒப்பிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டு வைமானுவின் வயதை 6.05 முதல் 6.16 கோடி ஆண்டுக்குள் அடக்க முடிந்தது. டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுக்கு முன்பு. அதற்குச் சுமார் 50 லட்சம் ஆண்டுக்குள்ளேயே பறக்காத, முங்கி நீந்தும் பறவை ஒன்று கடலில் இருந்திருக்கிறது!

புதைபடிவம் தருவது கீழ் எல்லையை மட்டும்தான். வைமானு இருந்தபோது பிரிவு நடந்து முடிந்திருந்தது என்பதே அதன் சாட்சியம். எவ்வளவு காலத்துக்கு முன் நடந்தது என்று அது சொல்லாது. எனவே டிஎன்ஏ மாற்றங்களை எண்ணிக் காலத்தைக் கணிக்கும் ‘மூலக்கூற்றுக் கடிகார’க் கணக்கில் 6.05 கோடியை இறுக்கமான குறைந்தபட்சமாகவும், மேல் எல்லையைச் சற்றுத் தளர்வாகவும் கொடுப்பார்கள். மேல் எல்லையை அளவுக்கு மீறி நீட்டிவிட்டால் கணு பின்னோக்கி நழுவி, டைனோசர் காலத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைவிடப் பெரிய தவறு, வைமானுவை இன்றைய பென்குயின்களின் மூதாதைக் கணுவிலேயே குத்திவிடுவது, அதாவது அந்தக் கணுவுக்கு வயது எல்லையாக வைத்துவிடுவது. அப்போது அந்த மூதாதையின் வயது பல மடங்கு ஊதிப் போகும்.

சரியான கணுவில் குத்தினாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. டிஎன்ஏவில் ஓர் இடத்தின் எழுத்து ஏ-யிலிருந்து ஜி-யாகி, மறுபடி ஏ-யாகிவிட்டால் மாற்றமே நடக்காதது போலத் தெரியும். வேகமாக மாறும் மைட்டோகாண்ட்ரிய மரபணுக்களில் இது அதிகம். கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 6 கோடி ஆண்டில் உண்மையில் 600 மாற்றங்கள் நடந்தன, கண்ணில் படுவது 400. கடிகாரம் கோடிக்கு 100 என்பதற்குப் பதில் கோடிக்கு 67 என்று வேகத்தைக் குறைத்து எடுத்துக்கொள்ளும். இப்போது 1.4 கோடி ஆண்டு வயதுள்ள கணுவுக்கு வருவோம். அங்கே நடந்தவை 140, மறைந்தவை சொற்பம், தெரிவது 130. 130-ஐ 67-ஆல் வகுத்தால் 1.9 கோடிக்கு மேல் வரும். ஆழத்தில் தொலைந்த மாற்றங்களுக்கான விலையை இளைய கணுக்கள் கொடுக்கின்றன. மறைந்த மாற்றங்களை ஈடுகட்டும் மாதிரிகள் உண்டு. ஆனால் ஒரே இடம் திரும்பத் திரும்ப மாறித் தரவு தெவிட்டிப்போன பிறகு அவையும் முழுதாக மீட்டுத் தருவதில்லை. ஆழத்திலுள்ள பழைய கணுக்களில் மட்டும் புதைபடிவ ஆணி அடித்துவிட்டு, இளைய கணுக்களில் ஒன்றும் அடிக்காத ஆய்வுகளைச் சந்தேகத்தோடு படிப்பதற்கு இதுவே காரணம்.

2006-இல் வந்த மூலக்கூற்று ஆய்வு இன்றைய பென்குயின்களின் மூதாதைக்குச் சுமார் 4 கோடி என்றது. 2020-இல் முழு மரபணுத்தொகுதிகளை வைத்துச் செய்த ஆய்வு சுமார் 2.2 கோடி என்றது. 2017-இல் வந்த ஆய்வு வேறு வழியில் போனது. புதைபடிவங்களைக் கணுவில் குத்தாமல், அவற்றையும் மரத்தின் நுனிகளாகவே சேர்த்தது. ஒவ்வொரு நுனிக்கும் அதன் பாறை வயதும், எலும்புப் பண்புகளின் அட்டவணையும் உண்டு. எந்தப் புதைபடிவம் எங்கே ஒட்டும் என்பதைக் கணக்கே தேடிக்கொள்ளும். விடை, சுமார் 1.27 கோடி.

இந்த முறைமேல் எனக்கு நம்பிக்கை அதிகம். பென்குயின் எலும்பு கனமானது, கடலோரப் படிவங்களில் நன்றாகத் தங்கும். அதனால் இக்குடும்பத்துக்குப் புதைபடிவங்கள் ஏராளம். அவற்றில் ஒன்றிரண்டை மட்டும் ஆணியாக அடித்துவிட்டு மற்றதை ஒதுக்குவது வீண். ஆனாலும் எலும்புப் பண்புகள் தவறாகக் குறிக்கப்பட்டால் நுனி தவறான கிளையில் ஒட்டும், வயதும் கூடவே சரியும்.

நீங்களே இப்படி வயது கணிக்கும் பீஸ்ட் (BEAST) அல்லது எம்சிஎம்சிட்ரீ (MCMCtree) மென்பொருளில் ஓட்டுவதாக இருந்தால், முதலில் டிஎன்ஏ வரிசைகள் இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். பல கணுக்களில் எல்லைகள் கொடுக்கும்போது அவை ஒன்றையொன்று தள்ளும். நீங்கள் தட்டச்சு செய்த எல்லை ஒன்று, மென்பொருள் உண்மையில் எடுத்துக்கொண்டது வேறொன்று. தரவோடு ஓட்டிய விடையும் தரவில்லாமல் ஓட்டிய விடையும் ஒன்றாகவே இருந்தால், அந்த வயதை மரபணு சொல்லவில்லை, நீங்கள் சொன்னதுதான் திரும்பி வந்திருக்கிறது. பயனுறு மாதிரி எண்ணிக்கை (ESS, மென்பொருள் எடுத்த மாதிரிகளில் ஒன்றையொன்று சாராதவை எத்தனை என்பதற்கான அளவு) ஒவ்வோர் அளவுருவுக்கும் 200-ஐத் தாண்டட்டும். வயதைச் சொல்லும்போது, அது 95% நிகழ்தகவோடு அடங்கும் இடைவெளியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பெருவின் பிஸ்கோ படிவத்தில் கிடைத்த ஸ்பெனிஸ்கஸ் முயிசோனி சுமார் 90 லட்சம் ஆண்டுப் பழையது, இன்றைய ஹம்போல்ட் பென்குயினின் பேரினத்தைச் சேர்ந்தது. இதை 1.27 கோடியும் தாங்கும், 2.2 கோடியும் தாங்கும். ஆனால் 1.5 கோடி ஆண்டுப் பாறையிலிருந்து, இன்றுள்ள ஒரு பேரினத்துக்கே உரிய பண்புகளோடு, குட்டையாக அகன்ற பென்குயின் பாத எலும்பு ஒன்று வந்துவிட்டால் 1.27 கோடி அன்றே கீழே விழும்.